அறைவீட்டு மீன்தொட்டி

மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில், புனித இராயப்பர் கடலில் தூண்டிலிட்டுப் பிடித்த மீனின் வாயில் வெள்ளிக் காசு இருந்த நிகழ்ச்சியை நம் வாசகர்கள் அறிவார்கள். கலிலேயாக் கடலோரத்தில் இன்றும் பயணிகளுக்கு 'இராயப்பர் மீன்' என்று சொல்லிப் பரிமாறப்படுவது சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மீன். நற்செய்தியில் வந்த மீனும் அதுதானா என்று வாதிட நாம் முன்வரவில்லை. 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இப்போது குளம் குட்டையெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி மீனும் அக்குடும்பமே. கேரளத்தார் விரும்பியுண்ணும் கரிமீனும் அதுவே. கண்ணாடித் தொட்டியில் அழகாய் அசையும் ஏஞ்சல் மீனும் இவற்றுக்கு உறவென்றால் பலர் நம்பமாட்டார்கள்.

நம் குருத்துவ வெள்ளிவிழாவுக்குப் பங்கு மக்கள் அறைவீட்டுத் திண்ணையில் ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தார்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 250 லிட்டர் நீர் பிடிக்கும். சனிக்கிழமை மாலை ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளுக்கொரு மீனாகக் கொண்டுவந்து விட்டார்கள். ஒருவர் மஞ்சள் நிற மலாவி மீன்கள் நான்கு, மற்றொருவர் வரிபோட்ட டைகர் பார்ப் ஆறு. பூசைக்கு உதவும் சிறுவன் ஒருவன், தகப்பனை இழந்தவன், கிறிஸ்துமஸ் காலத்தில் கீதம் பாடிச் சேர்த்த காசில் ஏஞ்சல் மீன் சோடியொன்றை வாங்கிவந்தான். நாம் மகிழ்ந்து அனைத்தையும் ஒன்றாகவே விட்டோம். பத்தாம் நாள் அவனுடைய இரண்டு மீன்களும், துடுப்புகள் கந்தலாகி, பக்கவாட்டில் மிதந்தன.

அவன் அழவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான். "எல்லாம் ஆண்டவர் சித்தம், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அச்சொல் நம் வாயிலிருந்து எவ்வளவு எளிதாக வந்தது! குருமடத்தில் பத்தாண்டு படித்தும், நம் அறியாமையை ஆண்டவர் தலையில் ஏற்றக் கூசவில்லை.

பிறகுதான் சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். அவர் முதலில் கேட்டது மீனைப் பற்றியன்று, நீரைப் பற்றி. ஏஞ்சலின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகை. அங்கே நீர் மென்மையானது, சற்று அமிலத் தன்மையுள்ளது. மலாவியோ ஆப்பிரிக்காவின் பெரிய ஏரி. பல நூறு சிக்லிட் இனங்கள், பெரும்பாலும் உலகில் வேறெங்கும் காணப்படாதவை, அங்கே பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. அந்நீர் கடினமானது, காரத் தன்மையுள்ளது. பி.எச். அளவையில் ஒன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 8 என்றால் வேறுபாடு இரண்டுதானே என்று எண்ணலாகாது. அவ்வளவையில் ஒரு படி என்பது பத்து மடங்கு. ஆயினும் கொளத்தூர்ப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்த ஏஞ்சல்கள் நம் நீருக்கு ஓரளவு பழகியவையே என்றும் பெரியவர் சொன்னார். ஆகவே நீரின் மேல் மட்டும் பழிபோட்டுத் தப்ப வழியில்லை.

தோழமை அமைந்ததும் தவறு. டைகர் பார்ப் நீண்ட துடுப்பைக் கண்டால் கடித்துப் பார்க்காமல் இராது. மலாவி மீன் தனக்கென்று ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, வந்தவரை விரட்டும். மந்தமாய் நீந்தும் ஏஞ்சல் எங்கே ஒதுங்கும்? அதுவும் முற்றும் சாதுவல்ல. வளர்ந்தபின் சிறிய நியான் டெட்ராக்களை விழுங்கிவிடும். சிறிதாக இருக்கையில் வாங்கும் ஆஸ்கர் மீனோ ஓரடி வரை வளரும். வாயில் அடங்குவதெல்லாம் அதற்கு இரையே.

எல்லாவற்றுக்கும் மேலான தவறு அவசரம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். காரநீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். நாம் கொடுத்த அவகாசம் ஓர் இரவு!

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் அச்சிறுவனைச் சக்கிரீஸ்தில் தனியே அழைத்து, "தம்பி, அன்று நாம் சொன்னது பொய். உன் மீன்கள் செத்தது ஆண்டவர் சித்தத்தால் அன்று, நம் பிழையால். எம்மை மன்னித்துக்கொள்" என்றோம். அவன் வெகுநேரம் தரையைப் பார்த்தான்.

டைகர் பார்ப்களைக் கொடுத்தவரிடமே திருப்பினோம். நம் கிணற்று நீர் கடினமானதாகையால் அதற்கேற்ற மலாவி மீன்களையே வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. ஒன்றையே எல்லாம் சேர்ந்து விரட்டாதபடி தொகையைச் சற்றுக் கூட்டவும், ஒளிந்துகொள்ளக் கற்களை அடுக்கவும் பெரியவர் சொல்லியிருந்தார். கற்களைச் சுமந்துவந்து அடுக்கியவன் அச்சிறுவனே. ஏஞ்சல் சோடியொன்று வாங்கித் தருகிறோம், தனித் தொட்டியில் வளர்க்கலாம் என்றபோது அவன் நம்மை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டான்:

"ஆறு வாரம் பொறுப்பீங்களா, சாமி?"