மாதுங்கா: ஒரே தெரு, இரண்டு பாணி

மும்பை மாதுங்கா என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது ஃபில்டர் காபியும் மல்லிகைப்பூவும்தான். அங்குள்ள கட்டடங்களை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

1896இல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசல்மீது பழி விழுந்தது. 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர்-மாதுங்கா பகுதியில் அகலமான தெருக்களும் பூங்காக்களுமாகப் புதிய குடியிருப்பைத் திட்டமிட்டது.

கிங்ஸ் சர்க்கிள், ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடந்தால் விளைவு தெரியும். ஒரு வீட்டில் தூண்கள், வளைவுகள், பூவேலை. பக்கத்திலேயே 1930களில் பரவிய ஆர்ட் டெகோ பாணி: கப்பல் தளம்போல் வளைந்த கான்கிரீட் பால்கனி, ஜன்னலுக்கு மேல் புருவம்போல் நீளும் மழைத்தடுப்பு. பாணிதான் வேறு, உயரம் ஏறக்குறைய ஒன்றே. நடுவே காற்றுக்கு வழி.

இப்போது மூன்றாவதாக ஓர் அண்டைவீட்டுக்காரர்: அடுக்குமாடி டவர். 1947ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940ஆம் வருட அளவில் உறையவைத்தது. உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதில் அக்கறை இழந்தார்கள். சுவர் ஒழுகும்போது, லிஃப்ட்டுடன் புதுவீடு தருகிறோம் என்றால் மாடியேற முடியாத முதியவர் மறுப்பாரா?

ஓவல் மைதானத்தின் இருபுறமும் எதிரெதிரே நிற்கும் கோதிக், ஆர்ட் டெகோ கட்டடங்களை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாதுங்கா அதில் இல்லை. இங்கே ஒரு பழைய வீடு டவரானால் போவது அழகு மட்டுமல்ல. பக்கத்து வீட்டு ஜன்னலின் வெளிச்சமும்தான். அந்த வெளிச்சத்துக்காகத்தானே மாதுங்காவே உருவானது!