பங்கும் பங்குச் சந்தையும்

'பங்கு' என்னும் சொல் நமக்கு இருபொருள் தருவது. ஞாயிறுதோறும் நாம் கூடி வழிபடும் இறைச்சமூகம் பங்கு. ஒரு நிறுவனத்தின் உடைமையில் நாம் விலைகொடுத்துப் பெறும் கூறும் பங்கு. முதற்பங்கில் நாம் அயலாருக்காக மன்றாடுகிறோம். இரண்டாவது பங்கு அதே அயலாருக்கு என்ன செய்கிறது என்று கேட்பவர் சிலரே.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம் இக்கேள்வியை என் இல்லத்திற்குள் கொணர்ந்தது. உறவினர் ஒருவர், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி தரும் இடமொன்றைச் சொன்னார். "அவ்வளவு வட்டியை அவங்க எங்கிருந்து எடுத்துக் குடுப்பாங்க?" என்று கேட்டாள் என் மனைவி. அறவழி முதலீட்டின் அரிச்சுவடி அதுதான். மிகையான வட்டி யாரோ ஓர் ஏழையின் கூலியிலிருந்தோ, நமக்குப் பின்னே பணம் போடுகிறவரின் முதலிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

இதற்கு மாற்றுவழி நம் மதுரை மண்ணிலேயே உண்டு. அழகர்கோயிலை அடுத்த பில்லுசேரியின் விவசாயக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை அவர்களை நாடறியும். 1990-இல் தொடங்கிய களஞ்சியம் இயக்கத்தில் அவரைப் போன்ற பெண்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, தமக்குள்ளேயே கடன் கொடுத்து, கந்துவட்டியின் பிடியிலிருந்து விடுபட்டனர். வட்டி எவ்வளவு, கடன் யாருக்கு என்பதைக் குழுவே கூடி முடிவு செய்தது. வட்டியும் குழுவுக்குள்ளேயே தங்கியது. 2001-இல் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது. பணம் எங்கே போகிறது என்பதைப் பணம் போட்டவரே கண்ணால் காண்பது அங்கே சிறப்பு.

பெருநிறுவனங்களில் அவ்வாறு காண்பது அரிது, எனினும் இயலாததன்று. ஒடிசாவின் நியம்கிரி மலைப் பழங்குடியினர் பிரச்சினையில், வேதாந்தா நிறுவனம் மனித உரிமைகளுக்குப் போதிய மதிப்பளிக்கவில்லை எனக் கருதி, இங்கிலாந்துத் திருச்சபை 2010-இல் தன் பங்குகளை விற்றது. அதே நிறுவனத்தின் தூத்துக்குடித் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில், 2018 மே 22 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு நம் நெஞ்சை விட்டு அகலாதது. எங்கே முதலீடு செய்வது என்பது ஒழுக்கம் சார்ந்த தேர்வே என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்ததன் பொருள் இத்தகைய நிகழ்வுகளில் விளங்குகிறது.

தொடங்க விரும்புவோர் முதலில் தம் முதலைக் காக்க வேண்டும். வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அடுத்து, எவற்றிலிருந்து வரும் இலாபம் நமக்கு வேண்டாம் என்று குடும்பமாக அமர்ந்து எழுதலாம். சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமென்பது செபியின் விதி. பரஸ்பர நிதிகளும் தாம் வைத்திருக்கும் பங்குகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகின்றன. பெயரில் 'பொறுப்பு' இருந்தால் போதாது. பட்டியலைப் படிக்க வேண்டும்.

நாங்களும் படித்தோம். நல்ல இலாபம் தந்துவந்த ஒரு நிதியின் பட்டியலில் சிகரெட் நிறுவனம் ஒன்று இருந்தது. என் தம்பியை ஐம்பது வயதில் எங்களிடமிருந்து பறித்தது புகைதான். அந்த நிதியை விட்டுவிட்டோம். பெரும்பகுதி வங்கியிலும் அஞ்சலகத்திலும் இருக்கிறது. சிறுபகுதி, பட்டியலைப் பார்த்துத் தேர்ந்த வேறொரு நிதியில். வருவாய் சற்றுக் குறைவுதான். நோயுற்றால் பிறரிடம் கையேந்தாதிருக்க அது போதுமென்று இருவரும் கணக்கிட்டிருக்கிறோம்.