கேட்டவர்களை யார் கணக்கெடுப்பது?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசி அரிசி மூட்டை வாங்கிவிடலாம். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இத்தெருவில் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் தமிழர்கள் பலர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. சாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

அந்த இணைப்புப் போராட்டக் காலத்தில்தான், 1951இல், டி.வி. ராமசுப்பையர் திருவனந்தபுரத்தில் தினமலரைத் தொடங்கினார். எல்லை மாறிய மறு ஆண்டே பத்திரிகை திருநெல்வேலிக்குப் போனது. இதழியல் ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. பத்திரிகை மக்கள் மனதை மாற்றியதா? அல்லது ஏற்கனவே மாறியிருந்தவர்கள்தான் அதை வாங்கினார்களா?

பதில் தேட எளிய வழி உள்ளடக்க ஆய்வு. பழைய இதழ்களைப் புரட்டி, இணைப்புச் செய்திக்கு எத்தனை பத்தி, தலைப்புகளில் எந்தச் சொல் எத்தனை முறை என்று எண்ணுவது. ஒருவர் எண்ணியதை மற்றொருவர் தனியாக எண்ணிச் சரிபார்ப்பார். நாணயமான கணக்குதான். ஆனால் அச்சில் வந்ததை மட்டுமே அது சொல்லும். மனதில் பதிந்ததைச் சொல்லாது.

1940இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் சகாக்களும் வேறு வழியில் போனார்கள். ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் ஏறக்குறைய 600 பேரிடம் மே மாதம் தொடங்கித் திரும்பத் திரும்பப் பேட்டி எடுத்தார்கள். பத்திரிகையும் ரேடியோவும் நேரடியாக மாற்றியது சிலரைத்தான். படித்தவர், கேட்டவர் சொல்லி அடுத்தவருக்குப் போன பேச்சுக்கே வலு அதிகம் என்று தெரிந்தது.

சாலையில் அப்படிப் பேசியவர் யார்? கேள்வித்தாளோடு வரும் ஆய்வு மாணவி, "அப்போது எந்தப் பத்திரிகை வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நாங்க எங்கம்மா வாங்கினோம்? கணக்கப்பிள்ளை உரக்க வாசிப்பாரு, எல்லாரும் கேப்போம்" என்று பெரியவர் சொன்னால், எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? 'வாங்கவில்லை' என்று குறித்தால், கேட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். இன்று அடுத்தவர் செல்போனில் வாட்ஸ்அப் செய்தி கேட்பவருக்கும் இதே கதிதான்.

முதியவர்களின் நினைவை அப்படியே நம்பவும் முடியாது. போராட்டம் எப்படி முடிந்தது என்று தெரிந்தவரின் ஞாபகம், பழைய தயக்கங்களை மறந்துவிடும். ஆகவே கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும். 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டுச் செய்தி யார் சொல்லித் தெரிந்தது, எந்தக் கடையில், கூட யார் இருந்தார்கள்? ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொல்வதை ஒப்பிட்டு, பிறகு பழைய இதழோடு வைத்துப் பார்க்கலாம்.

வழக்கமாக ஆய்வு நூலகத்தில் தொடங்கி மக்களிடம் முடியும். இங்கே அது தலைகீழாக நடக்க வேண்டும். 1954இல் 15 வயதாக இருந்தவர் இன்று 85ஐத் தாண்டிவிட்டார். பத்திரிகைக் கட்டுகளை அடுத்த வருடமும் எண்ணிக்கொள்ளலாம்.