விசை ஓய்ந்தபோது

கருவி செவ்வனே இயங்குங்கால் அதனை எவரும் நினைப்பதில்லை. அஃது ஓய்ந்தவிடத்தேதான் அதன் அருமை புலனாகின்றது. மைக்கூடும் எழுதுகோலுங் கொண்டு பயின்ற எம்மனோர்க்கும், கணினியோடு வளரும் இன்றைய மாணவர்க்கும் இவ்வுண்மை ஒன்றே. விசைப்பலகையொன்று வாய்மூடிய மூன்று நாள்களில் நாம் கற்றவற்றை இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

யூபிலி மலருக்கெனப் பழைய மாணவர் பெயர்ப்பட்டியலைத் தொகுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கண்டி நகரத்தார் மட்டுமன்றி, ஹந்தானை, கலகா, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து நடந்தும் பஸ் ஏறியும் வந்து கற்றோர் பலரும் அதில் அடங்குவர். ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, பட்டியல் பாதியில் நிற்க, விசைப்பலகை முற்றாக ஓய்ந்தது. அச்சகத்தார் குறித்த தவணைக்கு மூன்று நாள்களே எஞ்சியிருந்தன.

"ஆங்கிலத்தில் அடித்துத் தர ஆள் இருக்கிறார், ஐயா. பெயர்களை ஆங்கிலத்திலேயே போட்டுவிடுவோமே" என்றார் குழுவினருள் ஒருவர். மூத்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர் அதற்கு இணங்கவில்லை. "செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். அதனாலே சேமலாப நிதிக்கு அலைந்தவர்களை நீர் அறிவீர், தம்பி. கல்லூரி மலரிலாவது அவர்கள் பெயர் பிழையின்றி நிற்கட்டும்" என்றார். லகர, ளகர, ழகர வேறுபாடும், ணகர, னகர வேறுபாடும் ஆங்கில எழுத்தில் மறைந்தொழியும் என்பதை நாம் அறிவோம். ஆகவே பலகையைச் சீர்செய்வதே தக்கதெனத் துணிந்தோம்.

கணினித் தொழில் புரியும் இளைய பழைய மாணவர் ஒருவர் வந்துதவினார். வந்தவர் உடனே திருப்புளியைக் கையிலெடுத்தாரல்லர். முதற்கண் பெரிய எழுத்துப் பூட்டு விசையை அழுத்தி, அதன் சிறு விளக்கு எரிகின்றதா என நோக்கினார். அவ்விளக்கை ஏற்றும் ஆணை கணினியிடமிருந்தே வருவதாகலின், அஃது எரியுமாயின் பலகையும் கணினியும் தம்முள் பேசுகின்றன என்பது பெறப்படும். விளக்கு எரியவில்லை. கம்பியைக் கழற்றி வேறொரு துளையிற் செருகினார், எரிந்தது. துளையே பழுது, பலகையன்று என மகிழ்ந்தோம்.

எனினும் ஐந்தாறு விசைகள் மட்டும் இன்னும் அசைவற்றிருந்தன. விசைகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பியால் இணைக்கப்பட்டவை அல்ல. நிரையும் நிரலுமாகப் பின்னிய தடங்களில் அமைந்தவை. உள்ளிருக்கும் நுண்சில்லு அத்தடங்களை இடையறாது வரிசையாகத் தேடி, எது அழுத்தப்பட்டதென அறிகின்றது. ஆகவே ஒரு தடம் கெடின், பார்வைக்குத் தொலைவிலுள்ள விசைகளும் ஒருங்கே ஓயும். பலகையைத் திறந்து பார்த்தபோது, பிளாஸ்டிக் தாள்களிடையே மலைநாட்டு ஈரம் புகுந்து மாசு படிந்திருந்தது. அற்ககோல் தோய்ந்த பஞ்சினால் துடைத்து ஓரிரவு உலரவிட்டோம். அவ்விரவு திரையில் தோன்றும் விசைப்பலகையைச் சுட்டி கொண்டு அழுத்தி, நத்தை வேகத்திற் பணியைத் தொடர்ந்தோம். காலையில் விசைகள் யாவும் உயிர்பெற்றன.

இறுதியாக ஓர் இடர் நேர்ந்தது. முன்னாளில் தொகுத்த பட்டியலொன்றைத் திறந்தபோது, 'தமிழ்' என்னுஞ் சொல் நிற்கவேண்டியவிடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. விசைப்பலகை மீண்டும் கெட்டதோ எனச் சிலர் அஞ்சினர். உண்மையில் அக்கோப்பு, இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அமைந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அது தன் ஆங்கில வேடத்தையே காட்டும். 1991இல் வெளிவந்த யூனிகோட் தமிழுக்கெனத் தனியிடம் வகுத்தமையால், அம்முறையில் எழுதியவற்றுக்கு இவ்விடர் இல்லை. பழைய பட்டியலை யூனிகோட்டுக்கு மாற்றி, பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினோம்.

247 எழுத்துக்களைச் சில விசைகளுள் அடக்குதல் எளிய செயலன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தபோது, உருளை நகராது எழுத்தின்மேற் குறியிடும் விசைகளை வகுத்து அதனை நிறைவேற்றினார். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை உயிரெழுத்துக்களை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் பெரும்பாலும் பகிர்ந்தளித்தது. இவர்களெல்லாம் உழைத்தது, எவர் பெயரும் அவர்தம் மொழியிலேயே எழுதப்படவேண்டும் என்பதற்கன்றோ?

மாணவ நண்பர்களே! கருவி ஓய்ந்தால் மனம் ஓயற்க. புறத்தே கம்பியையும் துளையையும், பின்னர் அகத்தே தடத்தையும், முடிவில் எழுத்து முறையையும் ஒழுங்காக ஆராய்க. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. அப்பொழுதே எது பழுதென்பது தெளிவாகும். பட்டியல் குறித்த நாளில் அச்சகஞ் சேர்ந்தது. அதிலுள்ள பெயர்கள் அனைத்தும் பெற்றோர் இட்டவாறே தமிழில் நிற்கின்றன.