சேர்வு இடாப்பும் புரத ஏடும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்துதவுமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். உயிரிரசாயனம் பயிற்றி ஓய்வு பெற்ற யாம், பழங்கதை பேசுவதை விடுத்து, மாணவர்க்குப் பயன்தரும் பொருளொன்றைப் பற்றிச் சில கூற விழைந்தோம்.

கல்லூரிச் சேர்வு இடாப்பைப் புரட்டினால் ஒருவனின் பெயர், பிறந்த திகதி, தந்தையார் பெயர் ஆகியவற்றைக் காணலாம். அவன் பின்னர் வைத்தியனானானா, கமக்காரனானானா என்பதை அது சொல்லாது. புரதங்களின் நிலையும் இத்தகையதே. மனிதனில் ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் புரதங்களை ஆக்கும் விதியைத் தாங்கியுள்ளன. அவற்றைப் படித்தால் எந்த அமினோவமிலத்தின்பின் எது வருமென அறியலாம். ஆயின், ஆக்கப்பட்ட பின்னரே புரதத்தின்மேல் பொசுபேற்று ஏறுகின்றது, வெல்லம் சேர்கின்றது, சில துண்டுகள் வெட்டுண்கின்றன. 1955 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பிசர், கிரெப்சு என்னும் அறிஞர் இருவர், முயற்றசையிலுள்ள நொதியமொன்று பொசுபேற்று ஏறியதும் உறக்கம் நீங்கித் தொழிற்படுவதைக் கண்டனர். அதற்குரிய நோபெல் பரிசு 1992 இலேயே அவர்களை அடைந்தது.

இத்தகைய மாற்றங்களைத் தொகுத்துக் காக்கும் ஏடுகளே இன்றைய தரவுத்தளங்கள். 1986 இல் செனீவாவில் அமோசு பைரொக் தொடங்கிய சுவிசு-புரொட், இன்று யூனிபுரொட் என்னும் பெருந்தொகுதியின் ஓர் அங்கம். அமெரிக்காவில் பொசுபோசைற்பிளசும் தாய்வானில் டி.பி.பி.ரி.எம். என்பதும் உள. எப்புரதத்தின் எவ்விடத்தில் எம்மாற்றம் நிகழ்ந்தது, அதற்குச் சான்று யாது என்பவற்றை இவை உரைக்கும். பொசுபேற்று ஏறிய துண்டு, ஏறாததிலும் ஏறத்தாழ 80 அலகு மிகுந்த திணிவுடையது. அவ்வேறுபாட்டைத் திணிவுத் திருசியமானி காட்டிக் கொடுக்கும். எனினும், சில பதிவுகள் கணினியின் ஊகம் மாத்திரமே. காட்சி, கருதல், உரை என அளவைகளைப் பிரித்தறிந்த மரபில் வந்த எம்மவர், சான்றின் தரத்தை நோக்காது எப்பதிவையும் ஏற்றல் தகாது.

இதனால் ஆவதென்ன என்பார்க்கு ஒன்று கூறுவோம். எம்முடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர், வகுப்பு இடாப்பு முழுவதையும் மனனமாய் ஒப்புவிப்பவர். இன்று எமது பெயரையே அவர் அறியார். அல்சைமர் நோயில், மூளையின் டௌ என்னும் புரதத்தில் பொசுபேற்று அளவிறந்து ஏறுகின்றது. அவ்விடங்களுள் ஒன்று 217 ஆவது தானத்திலுள்ள திரியோனின். அதனையும் அமிலோயிட்டுப் புரதமொன்றையும் குருதியில் அளந்து ஒப்பிட்டு, மூளையில் அமிலோயிட்டுப் படிவுகள் உளவா என அறிய உதவும் சோதனைக்கு, 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது.

இத்தானத்தை யூனிபுரொட்டில் தேடும் மாணவன் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். 217 என்பது மூளையிலுள்ள, 441 அமினோவமிலங்கள் கொண்ட வடிவத்தின் எண். அவ்வேடு முதன்மையாகக் கொண்டதோ 758 அமினோவமிலங்களையுடைய வடிவம். ஆதலின் அங்கு அதே தானம் 534 ஆகும். தெருவிலக்கம் மாறியதை அறியாதவன் வீட்டு வாசலைக் கடந்தும் வீட்டைக் காணான்.

எம் நண்பர் இழந்த நினைவை இச்சோதனை மீட்டுத் தராது. ஆயினும், நோயை வேளைக்கே அறிதல் வருந்தலைமுறைக்குப் பெரும் பேறாம். விலையுயர்ந்த கருவிகள் எம் நாட்டு ஆய்வுகூடங்கள் எல்லாவற்றிலும் இல்லை. யூனிபுரொட்டோ எவர்க்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றது. கணினியொன்றும் பொறுமையும் உடைய மாணவன் இன்றே அதனைப் பயிலத் தொடங்கலாம். பிறர் எழுதியதைப் படிப்பதோடமையாது, பிழை கண்டு திருத்துவோரும் புதிய வரி சேர்ப்போரும் எம் கல்லூரி அன்னையின் மடியினின்றும் தோன்றுவாராக.