‘போர்த்வித்’

ஆங்கிலத்தில் ‘போர்த்வித்’ என்றொரு வினையடை உண்டு. பேச்சில் அதனைக் காண்டல் அரிது. சட்டத்திலும் காரியாலயக் கடிதங்களிலுமே அது குடியிருப்பது. ‘போர்த்’ என்பது முன்னே; ‘வித்’ என்பது உடன். நம் ‘உடன்’ ஏகாரம் பெற்று ‘உடனே’ ஆயிற்றன்றோ? இருமொழியும் ஒரே தடத்தில் நடந்தது வியப்பே.

இதன் இனச் சொற்கள் சோம்பிவிட்டன. ‘சூன்’, ‘பிரசென்ட்லி’ இரண்டும் முற்காலத்தில் ‘இக்கணமே’ எனப் பொருள் தந்தவை. பின்னர் ‘சற்றுப் பொறு’ என்னுமளவிற்குத் தளர்ந்தன. போர்த்வித் மட்டும் கடுமை குன்றவில்லை. ஆயினும் அதற்கும் வரம்புண்டு. செயலின் தன்மையும் சூழ்நிலையும் நோக்கி, நியாயமாக இயன்ற விரைவில் என்றே ஆங்கில நீதிபதிகள் பல வழக்குகளில் இதற்குப் பொருள் கொண்டனர்.

சென்ற திங்கள், பால் வெட்டி ஓய்ந்த மூதாட்டியொருவர் ஒரு கடிதத்தை நம்மிடம் நீட்டினார். லயத்து வீட்டைப் போர்த்வித் காலி செய்க என்றிருந்தது. நாம் சம்பளம் வாங்கும் காரியாலயத்தின் கடிதந்தான்.

“உடனே என்றால் இன்றைக்கா, கிராணி ஐயா?”

அகராதி ஆம் என்கிறது. “இல்லை, பாட்டி” என்றோம். நியாயமான தவணை கேட்டு அவர் பெயரால் அன்றிரவே பதிலெழுதினோம். தவணை நாளைப் போர்த்வித் தெரிவிக்குமாறும் அதில் சேர்த்தோம்.