செவிலியர் வகுப்பில் ஒரு சனிக்கிழமை

தலைப்பைப் பார்த்துவிட்டு, காயத்துக்குக் கட்டுப் போடுவது பற்றியோ காய்ச்சல் பார்ப்பது பற்றியோ எழுதியிருக்கிறோம் என்று எண்ண வேண்டாம். நாங்கள் எழுதப் போவது மார்பகப் புற்றுநோயைப் பற்றி. இந்தச் சொல்லைப் பள்ளி மலரில் அச்சிடலாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் விவாதம் நடந்தது. கடைசியில் தலைமையாசிரியை சிஸ்டரிடமே போய்க் கேட்டோம். "பிப்ரவரி 5-ஆம் தேதி புனித ஆகத்தம்மாள் திருநாள் பூசையில் பிரசங்கம் கேட்டீர்களே, அப்போது வெட்கப்பட்டீர்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். சிசிலித் தீவின் அந்த வேதசாட்சியை விசுவாசத்துக்காக மார்பை அறுத்து வதைத்தார்கள் என்பது திருச்சபையின் மரபு. இந்த நோயால் வருந்துவோருக்கு அவரே பாதுகாவலி. ஆகவே எழுதுகிறோம்.

அக்டோபர் ஜெபமாலை மாதம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உலகம் முழுவதும் அது மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமும்கூட. அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் இளம் செஞ்சிலுவைச் சங்கத்துப் பத்தாம் வகுப்பு மாணவியர் பதினான்கு பேர், மடத்துச் சுவரை அடுத்துள்ள செவிலியர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றோம். அன்று அங்கே இறுதியாண்டு மாணவியருக்கும், பல ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் மூத்த நர்சுகளுக்கும் சேர்த்து ஒரே வகுப்பு. நரைத்த தலையுடன் அவர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து குறிப்பெடுத்தது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. படித்து முடித்து உத்தியோகமும் பார்ப்பவர்களுக்கு மறுபடியும் எதற்கு வகுப்பு?

வகுப்பெடுத்த சிஸ்டரின் முதல் கேள்வியே எங்களுக்கு விடையாக அமைந்தது. "உங்கள் காலத்தில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று அவர்கள் கேட்க, மூத்த நர்சுகள் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே குரலில் சொன்னார்கள்: ஒவ்வொரு பெண்ணும் மாதம் ஒருமுறை, கண்ணாடி முன் நின்று, இன்ன முறைப்படி தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும். சிஸ்டர் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஷாங்காய் நகரத்துப் பஞ்சாலைப் பெண்களைப் பற்றிச் சொன்னார்கள். சுமார் 2,66,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்த முறையைக் கற்பித்துப் பத்தாண்டு கவனித்தார்களாம். 2002-இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. கற்றுக்கொண்ட பிரிவில், தீங்கில்லாத கட்டிகளுக்காகச் சோதனை செய்யப்பட்டவர்கள்தாம் அதிகம்! எனவே இப்போது மாதக் கணக்கும் சடங்கும் வேண்டாம், தன் உடலின் இயல்பு எது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மாறினால் உடனே காட்ட வேண்டும் என்றே கற்பிக்கிறார்கள். மூத்த நர்சுகள் பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள்.

அப்படியானால் கையால் சோதிப்பதே வீணா என்று ஒரு மாணவி அக்கா கேட்டார். இல்லை என்பதற்கு சிஸ்டர் மும்பையைக் காட்டினார்கள். டாடா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயதுவரை உள்ள 1,51,538 பெண்கள் இருந்தார்கள். ஒரு பாதியினரை இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை கையால் சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். 2021-இல் வந்த முடிவுப்படி, நோய் கண்டவர்களில் முற்றிய நிலையில் இருந்தவர்கள் மறு பாதியில் 100-க்கு 47, சோதிக்கப்பட்ட பாதியில் 37. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு குறைந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. இயந்திரம் இல்லை, வெறும் விரல்தான். கணக்குப் புத்தகத்துச் சதவீதங்கள் எங்களுக்கு இத்தனை சுவாரசியமாக இருந்ததில்லை.

பிறகு சிலிகானால் செய்த மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். உள்ளே ஐந்து கட்டிகள் ஒளிந்திருந்தன. விரல் நுனியால் குத்தக்கூடாது. நடு மூன்று விரல்களின் உட்பகுதியை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் மெல்ல, சற்று அழுத்தி, நன்றாக அழுத்தி என்று மும்முறை சிறு வட்டமாகத் தடவ வேண்டும். நாற்று நடுவதுபோல் வரிசை வரிசையாக, காறை எலும்பிலிருந்து அக்குள்வரை இடம் விடாமல் போக வேண்டும். இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள ஒரு நர்சம்மா முதலில் வந்தார்கள். அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, "இரண்டு" என்றார்கள். அடுத்து வந்த மாணவி நான்கு கண்டுபிடித்தார். எங்களுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. ஆனால் அந்த நர்சம்மா கோபிக்கவில்லை. "தள்ளிக்கோ பாப்பா, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்து ஐந்தையும் எடுத்துவிட்டார்கள். அன்று எங்கள் மனத்தில் நின்றவர் அவரே.

கேள்வி நேரத்தில் நாங்கள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. வகுப்பில் வாயே திறக்காத எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். "சிஸ்டர், எங்க பெரியம்மா ஒரு நர்ஸ்கிட்ட காட்டினாங்க. வலிக்குதான்னு கேட்டாங்க. வலியே இல்லைன்னதும், அப்போ பயமில்லை, கொழுப்புக் கட்டிதான்னு சொல்லிட்டாங்க. ஆம்பிளை டாக்டர்கிட்ட காட்டக் கூச்சம். அதனால பெரியம்மாவும் அதையே நம்பிட்டாங்க" என்றாள். பதினொரு மாதம் அப்படியே போயிற்றாம். போன வருடம் தவக்காலத்தில் பெரியம்மா இறந்துபோனார்கள். அவர்களுக்கு நாற்பத்தாறு வயது.

யாரும் பேசவில்லை. சிஸ்டர் அவளை அருகில் அழைத்துத் தோளில் கைவைத்துக்கொண்டு, நர்சுகளைப் பார்த்தே பேசினார்கள். "கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது உண்மை. ஆனால் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லை என்பதை வைத்து நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும்தான் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளையின் பெரியம்மா டாக்டரிடம் போகவில்லை, நம்மிடம்தான் வந்தார்கள்." அந்த "நம்மிடம்" என்ற சொல்லுக்குச் சில நர்சுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டோம். தோல் ஆரஞ்சுத் தோல்போல் ஆவது, குழி விழுவது, காம்பு உள்ளிழுப்பது, அதில் இரத்தம் கசிவது ஆகிய அடையாளங்களை அதன்பின் எழுதிப் போட்டார்கள். நாங்களும் குறித்துக்கொண்டோம்.

கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. பிள்ளை பெற்றுப் பாலூட்டுவது இந்நோய்க்கு ஓரளவு காப்பு என்றும், கன்னியருக்கு இது அதிகம் வருவதை இத்தாலிய மருத்துவர் ராமாசினி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார் என்றும் சொல்லிவிட்டு, "இங்கே இருக்கும் மடத்துச் சகோதரிகளில் எத்தனை பேர் சோதித்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டார்கள். ஒன்பது பேரில் இரண்டு கைகள்தாம் உயர்ந்தன. அவற்றில் ஒன்று கேட்டவருடையது!

வந்த பிறகு தலைமையாசிரியை சிஸ்டரிடம் அனுமதி பெற்று, டிசம்பர் மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த மாணவி அக்காமார் நால்வரை வரவழைத்தோம். அப்பாக்களை விளையாட்டுத் திடலுக்கு அனுப்பியாயிற்று. (ஆண்களுக்கும் அரிதாக இந்நோய் வரும் என்பதை அவர்களிடம் யார் சொல்வதென்று சீட்டுப் போட்டோம்.) 30 வயது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சுகளே இலவசமாகச் சோதிக்கிறார்கள் என்ற விவரத்தைத் தாளில் எழுதி ஒவ்வோர் அம்மாவின் கையிலும் கொடுத்தோம். எங்கள் தோழியின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாதிரியை மேசையில் வைத்ததும், எங்களையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அரை மணி நேரம் என்று பேச்சு. ஒன்றரை மணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. வராந்தாவில் வைத்திருந்த டீ முழுவதும் ஆறிப்போய், மடத்துச் சமையலறையில் மறுபடியும் சுடவைக்கும்படி ஆயிற்று.